கிளி சொன்ன கூடு

முதல் கூடு கட்டவந்த தூக்கணாங்குருவிக்கு யோசனையே ஓடவில்லை. ஊர்க் கூடுகளையெல்லாம் பார்த்திருந்த கிளியிடம் போனது.

"அண்ணே, ஒரு யோசனை சொல்லுங்க."

"ஒண்ணென்ன தம்பி, பத்துச் சொல்றேன்!"

கிளி சொல்லச் சொல்லக் குருவி பின்னியது. கூடு அழகாகவே வந்தது.

பெண்குருவி பார்க்க வந்தது. அதற்குப் பிடித்தால்தான் இவனுக்குக் குடும்பம்.

"நல்லாத்தான் இருக்கு. வாசலை ஏன் மேற்கே வெச்சீங்க?"

குருவி சிறகை விரித்தது. "கொஞ்சம் இரு, கேட்டுட்டு வந்துடறேன்."

"யாரைக் கேக்கணும்? கட்டினது நீங்கதானே?"

குருவி அதற்குள் பறந்துவிட்டது.

கிளியிடம் அதற்கும் நல்ல பதில் இருந்தது. குருவி திரும்பியபோது, பக்கத்துக் கிளையில் கோணலாகத் தொங்கிய ஒரு கூட்டின் சொந்தக்காரன் தான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பெண்குருவி அவன் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

கொண்டுவந்த பதிலைக் கேட்க அங்கே ஆளில்லை.