வார்டன் வீட்டு டிவியில் திருடி யார்?

ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் எல்லோரும் ஒரே மர்மத் தொடரைத்தான் பார்த்தார்கள். மாணவிகள் கூடத்தில், வார்டன் பிலோமினா தன் வீட்டில். கதை ஒரு விடுதித் திருட்டைப் பற்றியது. பார்ப்பவர் மனதுக்குள் யாரைச் சந்தேகிக்கிறாரோ, அந்த ஆளின் சாயலில் இருப்பவரே அவர் பார்க்கும் டிவியில் கடைசியில் பிடிபடுவார்.

தொடர் முடிந்த மறுநாள் காலை பிலோமினா நேராக விடுதிக்கு வந்து மாணவி இலக்கியாவின் பெட்டியைக் குடைந்தார். அழுக்கு சாக்ஸ்தான் கிடைத்தது.

“மிஸ், உங்க டிவியில நான்தான் திருடியா?”

பிலோமினாவின் முகத்தில் அசடு வழிந்தது. “உங்களுக்கு யாரு வந்தா?”

“ஒரு வார்டன், மிஸ். பொண்ணுங்க செல்போனையெல்லாம் பிடுங்கி பீரோவுல பூட்டி வச்சிருந்தாங்க. கடைசியில மனசு மாறி எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நாங்க அழுதுட்டோம்.”

பிலோமினா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி, பீரோ சாவியைத் தேடினார்.