ரெண்டாவது ஆள்

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் சாயங்கால வெயில் பெலிசியா அக்காவின் லேப்டாப் மேல் விழுகிறது. அணு உலையில் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு தவறு செய்வார்கள் என்று கணக்கிடுவதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காக இருபது நாள் உலையில் இருப்பதுபோன்ற ஒரு மாதிரிக் கட்டுப்பாட்டுப் பலகையில் அவள் கணவர் ஜெபஸ்டின் மாமா வால்வுகளை மூடினார். சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துத் தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள்கள் படபடக்கின்றன. எல்லாவற்றிலும் என் நீலக் கையெழுத்து. “ஒரு தப்புகூட இல்லடா. ரெண்டாவதா ஒரு ஆள் பாத்தா தப்பு நடக்காதுன்னு நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன்” என்று அக்கா சிரிக்கிறாள். அதை நம்பி எங்கேயோ ஓர் உலை ஓடும் என்று நினைக்கையில் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, நான் பலகையப் பாக்கவே இல்லக்கா.”

“பின்ன எப்பிடிடா கையெழுத்து போட்ட?”

“மாமா மூடிட்டேன்னு சொன்னாரு. அவரப் போயி சந்தேகப்படுறதான்னு போட்டுட்டேன்.”

அவள் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருக்கும் மாமா நிமிராமலே சொல்கிறார்: “நீ பாத்துக்குவன்னுதான்டா நானும் ஏனோதானோன்னு மூடுனேன்.”