உறைப்பு

ஒட்டன்சத்திரம் சந்தையில் காலை வெயில் சின்ன வெங்காயக் குவியலின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மலைக்காற்று வீசும்போதெல்லாம் சருகுத் தோல்கள் கிளம்பி, வெளிச்சம் ஊடுருவ, சிவப்பாய் மினுங்கிப் பறக்கின்றன. வெங்காயம் தரம் பிரிக்கும் முருகேஸ்வரி அவற்றைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் புருஷனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூட்டை தூக்கும் இராமலிங்கத்தை டைபாய்டு உருக்கிவிட்டது. காய்ச்சல் விட்டும் ஒரு மாதமாக எதைக் கொடுத்தாலும், "கசக்குது, எடுத்துட்டுப் போ" என்கிறான். இன்று தூக்குவாளியில் கொண்டுவந்த கம்மங்கூழையும் தொடவில்லை. அவள் குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தைப் பொறுக்கி, உரித்து நீட்டுகிறாள். "இதையாச்சும் கடிங்க." வேண்டாவெறுப்பாக வாங்கிக் கடிக்கிறான். அந்த 'நறுக்' சத்தம் லாரி இரைச்சலுக்கும் மேலே அவளுக்குக் கேட்கிறது. மென்றவன் சட்டென்று நிறுத்துகிறான். ஒட்டிப்போன கன்னம் துடிக்கிறது, மூக்கு விடைக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. "ஆத்தீ… உறைக்குதுடி!" என்கிறான், காணாததைக் கண்டவன் போல. தூக்குவாளியைத் தூக்கிப் பாதிக் கூழை ஒரே மூச்சில் குடிக்கிறான். "இன்னொண்ணு உரி." நாளெல்லாம் மூட்டை மூட்டையாய்ப் பிரித்துத் தள்ளும் அவள் விரல்களுக்கு, அந்த ஒற்றை வெங்காயத்தின் தோல் பிடிபட மாட்டேன் என்கிறது.