கண்ணாடி மூடி

"கண்ணாடிய யாருக்கு வித்தே? அதை மட்டும் சொல்லிடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

வாசலில் நின்றபடியே கேட்டார் சாமிதுரை. மரியசூசை பெஞ்சைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, வரதராஜன்பேட்டையில் தெருத் தெருவாக விசாரித்து அலைந்ததில் பொறுமை போயே போய்விட்டது.

"விக்கலீங்க சார்."

"அப்ப எடுத்தது நீதான்னு ஒத்துக்கிறே?"

மரியசூசை தலையாட்டினான். அவன் மனைவி சாந்தி மேரி கதவோரமாக நின்று புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமிதுரை விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்ந்த புதிதில் அவர் முதன்முதலாகத் தொட்டது ஓர் உலகப்போர் காலத்துச் சண்டை விமானத்தை. அது கிழடுதட்டி ஓரங்கட்டப்பட்டபோது, யார் யார் காலிலோ விழுந்து அதை இந்த ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்து, மேடை கட்டி நிறுத்தி வைத்தவரும் அவர்தான். எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் வந்ததே பாழாய்ப்போன புயல், அது விமானத்தைக் குப்புறப் புரட்டி, இறக்கையை ஒடித்து, துண்டு துண்டாக நாலா பக்கமும் வீசிவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகப் போயிருந்த இறக்கைத் தகட்டைக் கெஞ்சி வாங்கினார். கிணற்றில் கிடந்த சக்கரத்தை ஆள் இறக்கி எடுத்தார். அலுமினியப் பாத்திரம் தட்டுகிறவரை வைத்து நசுங்கல்களை எடுத்தார். பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிறவரைப் பிடித்து வர்ணமும் பூசியாயிற்று. எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் அகப்படவில்லை. விமானி உட்காரும் இடத்தை மூடுகிற கண்ணாடி. நீட்டுப் பூசணியைப் பிளந்து கவிழ்த்தது போல வளைந்திருக்கும். தகட்டையாவது தட்டிச் செய்துவிடலாம், அந்த வளைவில் கண்ணாடி செய்ய எங்களால் ஆகாது என்று மெட்ராஸிலேயே கைவிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். முழுசாக இருந்தால் விமானம் மேடையில் நிற்கும். இல்லாவிட்டால் அறுத்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தச் சமயத்தில்தான், புயல் ஓய்ந்த மறுநாள் மரியசூசை அந்தக் கண்ணாடியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பக்கத்து ஊர் அய்யாக்கண்ணு வாய் திறந்தார்.

"பள்ளிக்கூடத்துச் சாமான் அது. கேக்காம எடுத்தது தப்புதாங்க," என்றான் மரியசூசை. "அன்னிக்கு யாரைப் போயிக் கேக்குறதுன்னு தெரியல."

நல்ல கதையாக இருக்கிறதே என்று சாமிதுரை பொரிந்து தள்ளினார். கோழியைக் கவிழ்க்க எடுத்தாயா, நாற்றுக்கு மூடினாயா, பாடாலூர் ரோட்டில் எவனாவது லாரிக்காரன் தலையில் கட்டிவிட்டாயா என்று அடுக்கிக்கொண்டே போனார். போலீசுக்குப் போகட்டுமா என்று கடைசியில் கேட்கும்போது அவருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எனக்குன்னு புள்ள குட்டி கிடையாது. எல்லாமே அந்த விமானந்தான். என் கண்ணு முன்னால அதை அறுத்து லாரியில ஏத்துனா நான் எப்படித் தாங்குவேன்? உனக்கு எங்க அதெல்லாம் புரியப்போவுது?"

அப்போதுதான் சாந்தி மேரி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"சார் அழுவுறாரு. குடுத்துடலாங்க," என்றாள் புருஷனிடம்.

"ஏ புள்ள, நீயா சொல்றே?"

"நாந்தான் சொல்றேன். அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்கு?"

சாந்தி மேரி உள்ளே போய் ஒரு துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். மரியசூசை கொல்லைப்புறம் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான்.

"முந்திரிக்காட்டுலதாங்க இருக்கு. பொதைச்சு வெச்சிருக்கோம்."

பயல் எவ்வளவு கெட்டிக்காரன் பார், எவன் கண்ணிலும் படாமல் புதைத்தல்லவா வைத்திருக்கிறான் என்று சாமிதுரை மனசுக்குள் வைதார். ஆனாலும் சந்தோஷம் பிடிபடவில்லை. மண்ணுக்குள் இருந்தால் வெயிலும் படாது, கல்லடியும் படாது. வழி நெடுக அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டால் விமானம் எப்படி இருக்கும் தெரியுமா என்றார். திங்கட்கிழமை நீயும் வந்து பார், நடந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தும் விட்டார். விரிசல் விட்டிருக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இருக்காதுங்க," என்றான் மரியசூசை. "கையாலதான் மண்ணத் தள்ளுனோம். கொஞ்சங் கொஞ்சமா."

"எத்தனை பேரு?"

"நானும் இவளுந்தாங்க. அந்த மழையில வேற யாரு வருவா?"

புயலில் வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களைச் சுற்றிக்கொண்டு போய், காட்டின் கோடியில் மூவரும் நின்றார்கள். மரியசூசை மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு முழங்காலிட்டான். அங்கே சின்னதாக ஒரு மண்மேடும், அதன் தலைமாட்டில் முந்திரிக் குச்சியில் கட்டிய ஒரு சிலுவையும் இருந்தன.

"எங்க பாத்தாலும் தண்ணி, பெட்டி செய்ய ஒரு பலகைகூட கெடைக்கலீங்க," என்று சொல்லிவிட்டு சாந்தி மேரி தன் கல்யாணச் சேலையை அவரிடம் நீட்டினாள். "கண்ணாடிய எடுத்ததும் இத வெச்சு மூடிடுங்க சார், எம்மவ மூஞ்சியில மண்ணு விழுந்துடக் கூடாது."