பொம்மைக் கொக்கின் விருந்தாளி

கொல்லையில் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் கல் அடுக்கி, தண்ணீர் நிரப்பி, கோய் என்னும் வண்ண மீன்களை விட்டார்கள். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் கொக்கைக் கரையில் நட்டார்கள். அதைப் பார்த்தால் நிஜக் கொக்குகள் இறங்காதாம்.

மீன்கள் பயந்து எதிர்க்கரையிலேயே சுற்றின. வந்த கொக்குகளும், "உங்க இடமா? தெரியாம வந்துட்டேன்" என்று மதிலோடு திரும்பின. ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் பொம்மை வெயிலிலும் மழையிலும் நின்றது.

ஒருநாள் அதற்குத் தாங்கவில்லை. திரும்பப் பார்த்த ஒரு கொக்கிடம், "என் இடம்தான். பரவாயில்லை, இறங்கி வாங்க" என்றது.

கொக்கு இறங்கியது. ஊர்க்கதையெல்லாம் பேசியது. பேச்சுக்கு நடுவே குனிந்து ஒரு மீனைக் கொத்தியது. பொம்மை பார்க்காததுபோல், "நாளைக்கும் வாங்க" என்றது.

கொக்கு தினமும் வந்தது. மிச்சமிருந்த மீன்கள் முதல்முறையாகப் பொம்மையின் காலடிக்கு வந்து, "அவரை வர வேண்டாம்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சின. பொம்மை காதில் வாங்கவில்லை.

மீன்கள் தீர்ந்து குளம் காலியான மறுநாள், கொக்கு மதிலில் உட்கார்ந்து தண்ணீரை எட்டிப் பார்த்தது.

"இறங்குங்க, நேத்து பாதியில விட்ட கதை இருக்கே" என்றது பொம்மை.

"வேண்டாங்க, உங்க இடமாச்சே" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துபோனது.