கூடுதலாக ஒரு படகு

சாம்பிள் பனியனை மேசைமேல் விரித்ததும், இந்தப் படகை யார் போட்டது என்றுதான் ஆர்டர் கொடுக்க வந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் முதலில் கேட்டார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த அனிதா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி மருதாசலத்தின் முகம் சுண்டிப்போனது.

அந்தப் பிரிண்டிங் பட்டறையில், பனியனில் அச்சடிக்கும் படத்தின் பிலிமைச் சரிபார்ப்பது இசக்கிமுத்துவின் வேலை. கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் யாரையும் கேட்காமல் பேனாவை எடுத்து இழுத்துவிடுவான். அதற்காகவே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர் மருதாசலம்.

கிழவர் அனுப்பியிருந்தது அவருடைய ஊர்த் துறைமுகத்தின் படம். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கரையோரம் வரிசையாகப் படகுகள். நடுவில் ஒரு படகு நிற்கிற அளவுக்கு இடம் காலி. அதைப் பார்க்கப் பார்க்க இசக்கிமுத்துவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வரைந்துவிட்டான்.

"டிசைன் மிஸ்ஸிங்னு பையன் நெனச்சுட்டானுங்க" என்று மருதாசலம் குழைந்தார். ஆர்டர் போனால் இவன் வேலையும் போகும் என்பது அந்தக் குழைவிலேயே தெரிந்தது.

கிழவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஊர்க் கதையைத் தொடங்கினார்.

ஒரு காலத்தில் உப்பும் மீனும் ஏற்ற வந்த கப்பல்கள் இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்ற ஊராம். பெரிய துறைமுகம் வேறிடத்துக்குப் போனதும் கப்பல்களும் போய்விட்டன. இப்போது மத்தியானம் ஆனால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். யாரும் யாரையும் அதட்டக்கூட மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். அவர் சிறுவனாக இருந்தபோது கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. அது நின்ற இடத்தில் இன்றுவரை யாரும் கயிறு கட்டுவதில்லை. வந்தால் நிற்க இடம் வேண்டாமா?

இசக்கிமுத்து மேசையருகே வந்து நின்றான்.

கிழவர் அந்தப் படகின்மேல் விரல் வைத்தார்.

"இது எங்கூருப் படகே இல்ல, யாரோடதுன்னு கேக்கறாருங்கண்ணா" என்றாள் அனிதா.

மூக்கு நீண்டு, பக்கவாட்டில் சிவப்புப் பட்டை போட்ட தூத்துக்குடி வள்ளம் அது.

"எந்தம்பியோடதும்மா."

கிழவர் அவனையே பார்த்தார். மற்ற பனியன்களில் அதை எடுத்துவிடுங்கள், அந்த இடம் நிரம்பினால் எங்கள் ஊர் தாங்காது என்றார். ஆர்டர் உறுதி என்று சேர்த்துச் சொன்னதும் மருதாசலத்துக்கு உயிர் வந்தது. சாம்பிளை மட்டும் கிழவர் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, தம்பி எப்போது வருவான் என்று கேட்டார்.

"வந்துருவான்னு சொல்லும்மா."

அம்மா காலைப் பிடித்துக் கதறியும் கேட்காமல், உடம்புகூடக் கிடைக்காத தம்பிக்குக் கருமாதி செய்துவிட்டு, அவன் இனி வரமாட்டான் என்று அவளைக் கடலே இல்லாத திருப்பூருக்கு இழுத்து வந்தவன் இசக்கிமுத்துதான்.