தேறாத சாரதி

"பாலத்தடியில ரெண்டு நிமிசம் நிக்கோணும். எஞ்சின நிப்பாட்டுவியா, ஓட விடுவியா?"

கேட்டுவிட்டு மிஹ்லார் உதட்டைத் துடிக்கவிட்டு, "கட... கட... கட..." என்று லொறி மாதிரியே உறுமிக்கொண்டு நின்றார்.

லான்ஸ் கோப்ரல் நிலந்த கூரையைப் பார்த்து யோசித்தான்.

"ஓட விடுறது, நானா."

"பிழை! ஊத்து!"

நிலந்த தன் போத்தலில் இருந்து ஒரு மூடி சிவப்புத் தண்ணீரை வாளிக்குள் ஊற்றினான்.

இராணுவ முகாமின் சாரதிகளுக்கு டீசல் மிச்சம் பிடிக்கப் படிப்பிக்க வந்தவர் மிஹ்லார். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கல்முனைக்காரர். முகாமில் எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிற சாதியில்லை. ஆளுக்கொரு போத்தல் சிவப்புத் தண்ணீர். அதுதான் டீசல். லொறி, அவரேதான். எதிரே நிற்பவன் ஓட்ட வேண்டும். கியரைப் பிந்தி மாற்றினால் இருமுவார். அதட்டி மிதித்தால் அலறுவார். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மூடி வாளிக்குள் போகும். அரைப் போத்தல் மிஞ்சினால் பாஸ்.

முதல் செவ்வாய்க்கிழமை எட்டுப் பேர். எல்லாரும் பெயில். சிரித்த சிரிப்பில் தகரக் கூரை கழன்று கடலில் விழாதது அதிசயம். பிறகு ஒவ்வொருவராகப் பாஸாகிப் போனார்கள்.

இது ஐந்தாவது செவ்வாய். நாற்பது கதிரை போட்ட மண்டபத்தில் ஒரு லொறியும் ஒரு சாரதியும்.

"சரி. பாரமில்லாம இறக்கத்தில வாறாய். கால் எங்க?"

"அக்ஸிலேட்டர்ல."

"யா அல்லாஹ்! ரெண்டு மூடி ஊத்து. மனே, உன்ட மண்டைக்குள்ள என்ன இரிக்கி? வைக்கலா?"

"கொஞ்சம் இரிக்கி, நானா."

போத்தல் காலியானது. மிஹ்லார், "புஸ்ஸ்..." என்று காற்றுப் போய்க் கதிரையில் சாய்ந்தார். நிலந்த கைதட்டிச் சிரித்தான்.

"சிரிக்காத. இண்டைக்கும் பெயிலெண்டா சாவியப் பறிச்சுப்போட்டு உன்னைக் குசினிக்கு அனுப்புவாங்க. தெரியுந்தானே?"

"தெரியும்."

"நீதானே செல்லின, ஸ்டியரிங்க உட்டாச் செத்துருவன் எண்டு?"

நிலந்தவின் சிரிப்பு நின்றது. வாளியையே பார்த்தான்.

"வெங்காயம் உரிக்கவும் எனக்குத் தெரியும், நானா."

மிஹ்லாருக்குச் சுர்ரென்று ஏறியது. நக்கலடிக்கிறான்! தொண்டை கிழிய லொறியாகக் கத்துகிற மனிசனைக் குரங்காட்டம் ஆட்டிவைத்து வேடிக்கை பார்க்கிறான். இவன் ஒருவன் இல்லாவிட்டால் இந்த வகுப்பு எப்போதோ முடிந்திருக்கும். முடிந்திருந்தால்...

அந்த நினைப்பை அங்கேயே பிரேக் போட்டு நிறுத்தினார். மனைவி கண்ணை மூடி மௌத்தாகி இரண்டு வருடம். மகள் கத்தாரில். கிழமையில் அவர் ஷேர்ட்டை அயர்ன் பண்ணுவது செவ்வாய் மட்டும்தான்.

படிவத்தை எடுத்தார். 'சாரதி வேலைக்குத் தகுதியில்லை' என்று அழுத்தி எழுதினார். நேரே வாகனப் பிரிவுக்கு நடந்தார்.

அங்கிருந்த சார்ஜன்ட் வாசித்தார். திருப்பி வாசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆரு, நிலந்தவா?" சிங்களத்தில் கேட்டார். "நானா, ஆள் மாறி எழுதிட்டீங்க."

"மாறல்ல. அஞ்சு கிழமை. ஒரு கேள்விக்குச் சரியான மறுமொழி இல்ல."

சார்ஜன்ட் ஓட்டப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"நீங்களே பாருங்க. மத்தவங்க லீற்றருக்கு நாலு கிலோமீற்றர். இவன் அஞ்சரை. நீங்க வாறத்துக்கு முந்தியே அப்பிடித்தான். எங்கட கேம்ப்பிலயே குறைய டீசல் குடிக்கிறது இவன்ட லொறிதான்."

மிஹ்லார் பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தையும் புரட்டினார். பிறகு, மேசையில் கிடந்த படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மண்டபத்தில் நிலந்த வாளித் தண்ணீரைச் சிந்தாமல் போத்தலுக்குள் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"டேய். என்ட மொகத்தப் பாத்துச் செல்லு. பாலத்தடியில எஞ்சின என்ன செய்வாய்?"

நிலந்த அவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தான். அவர் போய்வந்த திசையைப் பார்த்தான்.

"நிப்பாட்டுறது," என்றான் மெதுவாக.

"இறக்கத்தில?"

"கியர்ல இருக்கும். கால எடுக்கிறது."

"அப்ப அஞ்சு கிழமையா ஏன்டா என்னைப் பேயனாக்கின? உன்ட வேலையே போகப் பாத்திச்சே!"

நிலந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுருட்டினான்.

"நான் பாஸானா வகுப்பு முடியுந்தானே, நானா?"

"முடிஞ்சா உனக்கென்ன?"

"முதல் கிழமை மழைக்கு உங்கள வீட்டடியில இறக்கி விட்டேன். நீங்க பூட்டத் துறந்து, 'அஸ்ஸலாமு அலைக்கும்' எண்டு சத்தமாச் சொல்லிட்டு உள்ள போனீங்க. நான் எஞ்சின நிப்பாட்டிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தேன், நானா. ஒருத்தரும் பதில் சொல்லல்ல."